மாமா தீனி போட்ட கடல்மீன்கள்

பட்டினி போட்டு மீனைக் கொன்றவர் யாரையும் எனக்குத் தெரியாது. பாசத்தால் கொன்ற ஒருவரைத் தெரியும். என் தாய்மாமா.

எங்கள் பக்கத்துத் தமிழ் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். பாறசாலைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். கலவரத்தில் பள்ளியை மூடியதும், பிள்ளைகளுக்காக வைத்திருந்த கண்ணாடித் தொட்டியை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தேன். பூவாரிலிருந்து டின்களில் எடுத்துவந்த கடல்நீர், அதில் சில மீன்குஞ்சுகள். அதே வாரம் மாமாவும் வந்து சேர்ந்தார். ஊர்வலத்தில் கோஷம் போட்டதற்காக அவரைப் போலீஸ் தேடியது. ஒளிந்திருக்கிற மனிதருக்குப் பொழுது போகவேண்டாமா? புட்டை உதிர்த்து மீனுக்குப் போட்டார்.

"போடாதியும் மாமா. தின்னாத தீனி அடியில கிடந்து அழுகும், தண்ணி கெட்டுப்போவும்."

"கொஞ்சமாக்கும் மக்களே."

(அவருடைய 'கொஞ்சம்' ஒரு கைப்பிடி.)

தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கியது. மூச்சு முட்டிய மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. "பாத்தியா, பசி!" என்று மாமா அவித்த மரச்சீனிக் கிழங்கையும் பிசைந்து போட்டார். மாற்றுவதற்குக் கடல்நீர் வேண்டும், பஸ் ஓடவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில் எல்லா மீன்களும் செத்து மிதந்தன. குன்னத்துகாலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நடந்தே வந்துவிட்டார்கள். அம்மை அவசரமாகத் தொட்டிமேல் ஒரு போர்வையைப் போட்டாள்.

"என்னவாக்கும் இந்த நாத்தம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"சாக்கடை ஓடையாக்கும்" என்றார் அப்பா.

"எலியாக்கும்" என்றேன் நான், அதே நேரத்தில்.

அந்த அம்மா போர்வையையே பார்த்தார். "ஆராவது செத்துக் கிடக்காவளா?"

பின்னறைக் கதவு படாரென்று திறந்தது. "செத்தது மீனாக்கும்! இவ பட்டினி போட்டுக் கொன்னுட்டா!" என்று மாமா முன்னால் வந்து நின்றார்.

மாப்பிள்ளையின் அப்பா சர்க்கார் குமாஸ்தா. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், மாமாவைக் கண்டதும் போலீஸ் தேடுகிற ஆள் என்று அடையாளம் கண்டுகொண்டார். என் கல்யாணமும் மாமாவின் தலைமறைவும் ஒரே மூச்சில் போயிற்று என்று நினைத்தேன். அவர் மெல்ல டம்ளரை வைத்தார்.

"நான் இங்க ஆரையும் பாக்கல்ல. நாத்தம் மட்டும் உண்டு."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். தொட்டியைத் தூக்க அவரே கைகொடுத்தார். பாதித் தண்ணீர் அவருடைய வெள்ளை வேட்டியில். "ஸ்கூல்லயும் மீனை இப்படித்தான் வளக்கச் சொல்லிக்குடுக்கியளா?" என்றார்.

கல்யாணம் நடந்தது. என் மாமியார் இருந்தவரை, வருகிற விருந்தாளியிடமெல்லாம் என்னை அறிமுகப்படுத்தியது இப்படித்தான்: "இவளுக்கு வீட்டுல ஆளை ஒளிச்சு வைக்கத் தெரியும். மீனைத்தான் ஒளிக்கத் தெரியாது."