தெற்கு நோக்கு அனுமதி

பூலாம்பாடி மேலத் தெருவில் சூரியன் தினமும் யாரையும் கேட்காமல்தான் உதித்துக்கொண்டிருந்தது. அதை முறைப்படுத்த வேண்டிய அவசியம், சிந்தாமணி தன் மொட்டை மாடியில் சோலார் பலகை மாட்டிய வைகாசி மாதத்தில்தான் அரசுக்கு ஏற்பட்டது.

சிந்தாமணி வீட்டிலேயே மூன்று பவர் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைப்பவள். கரண்டு பில்லைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. அரியலூரிலிருந்து வந்த ஃபிட்டர் வேல்முருகன் பலகைகளைத் தெற்குப் பார்க்க, பதினோரு டிகிரி சாய்வில் நிறுத்தினான்.

“நம்ம ஊருக்கு இதாங்க்கா கணக்கு. வருசம் பூரா வெயில் நல்லா விழும்.”

புது மீட்டர் வர மின்வாரிய அதிகாரி ராசாங்கத்தின் கையெழுத்து வேண்டும். அவர் வந்தார். முழங்கால் வலி காரணமாக மாடி ஏறாமல், தெருவில் நின்றபடியே மாடியை ஆய்வு செய்தார்.

“சாய்வு எத்தனை?”

“பதினொண்ணுங்க சார்.”

“சுற்றறிக்கையில இருபத்தெட்டுன்னு இருக்கே?”

“அது டெல்லி பக்கத்துக்குங்க சார்,” என்றான் வேல்முருகன். “வடக்க போகப் போகத்தான் சாய்வு கூடணும்.”

“ஏன், பெரம்பலூர் மாவட்டம் இந்தியாவுல இல்லையா?”

“இருக்குங்க சார்.”

“அப்புறம்?”

இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை. பலகைகளின் பின்கால்களுக்குச் சிமெண்ட் கல் முட்டுக்கொடுத்து இருபத்தெட்டாக்கினார்கள். ராசாங்கம் மறுபடி வந்து சுற்றறிக்கையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

“ ‘தெருவின் தோற்றப் பொலிவு கருதி, பலகையின் முகப்பு வீட்டின் முகப்பை ஒத்திருத்தல் வேண்டும்.’ உங்க வாசல் எந்தப் பக்கம்மா?”

“வடக்குங்க சார்.”

“பலகை?”

வேல்முருகன் சிந்தாமணியைத் தனியே அழைத்துச் சொன்னான்: “திருப்பிடலாம்க்கா. இப்ப வெயில் வடக்க சாஞ்சு போவுது, ஒண்ணும் தெரியாது. மார்கழியில நான் சொன்னத நெனச்சுப் பாப்பீங்க.”

திருப்பினார்கள். மீட்டர் வந்தது, கரண்டும் நன்றாகவே வந்தது. ராசாங்கம் ‘முன்மாதிரி இல்லம்’ என்று போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பி, பாராட்டுக் கடிதம் ஒன்றைத் தனக்கு வாங்கிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு வைத்திலிங்கம் அன்றே முடிவுக்கு வந்துவிட்டார். “வடக்கு குபேரன் திசைம்மா. தெற்கு எமன் திசை. எமன்கிட்டேருந்து யாராவது கரண்டு வாங்குவாங்களா?”

ஆடி முடிவதற்குள் தெருவில் பதினோரு வீடு வடக்குப் பலகை போட்டது. எதிர்வரிசைக்காரர்களுக்கு வாசல் தெற்கே. ஆனாலும் விடவில்லை, சிறப்பு அனுமதி வாங்கி வடக்கே திருப்பிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபிக்கு முன்னால் மாடியைப் பார்த்தார்கள்.

மார்கழி வந்தது. சூரியன் யாருடைய சுற்றறிக்கையையும் படிக்காமல் தெற்கே ஒதுங்கியது. பலகைகளில் பாதி கரண்டுகூட இல்லை. பொங்கல் துணி குவிந்து கிடக்க, பில்லுக்குப் பயந்து சிந்தாமணி ஒரு மெஷினை உறை போட்டு மூடினாள். அதில் தைத்துக்கொண்டிருந்த கலையரசியிடம், “தை பொறந்ததும் வா கண்ணு” என்று சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. கலையரசி ஒன்றும் கேட்காமல் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனாள். அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் வேல்முருகனைக் கூப்பிட்டு, பட்டப்பகலில், தெருவே பார்க்கப் பலகைகளைத் தெற்கே திருப்பிப் பதினொன்றுக்கு இறக்கினாள். மூன்றாவது மெஷின் ஓடத் தொடங்கியது.

நான்காம் நாள் புகார் மனு போனது. பதினோரு கையெழுத்து. ராசாங்கம் விசாரணைக்கு வந்தார்.

“அவ வூட்டுல மட்டும் கரண்டு வருது சார்,” என்றார் வைத்திலிங்கம். “எங்க யாருக்கும் வரல. அப்ப எங்க வெயில இழுத்துக்கிறாளா இல்லையா?”

“வாதத்தில் முகாந்திரம் உள்ளது,” என்று ராசாங்கம் குறித்துக்கொண்டார்.

“வெயில யாரு அண்ணே இழுக்க முடியும்?” சிந்தாமணிக்குக் குரல் ஏறியது. “நீங்களும் தெற்க திருப்புங்க. எல்லாருக்கும் வரும்.”

“எல்லாரும் திருப்பிட்டா வெயில் எப்படிம்மா பத்தும்?” என்றார் வைத்திலிங்கம்.

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. எமனைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. ராசாங்கம் நீண்ட யோசனைக்குப் பின் ஆணை பிறப்பித்தார்: பொதுநலன் கருதி, தெருவில் ஒரு சமயத்தில் மூன்று வீடுகள் மட்டும் தெற்கு நோக்கலாம். அனுமதி விண்ணப்பம் இரண்டு பிரதிகளில், முந்தி வருபவருக்கு முன்னுரிமை.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்குமுன்பே தெரு முழுக்க வரிசையில் நின்றது. முதல் ஆள் சிந்தாமணி. துணைக்கு வந்த வேல்முருகனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. பின்னால் திரும்பித் தலைகளை எண்ணினாள். பிறகு விண்ணப்பத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவன் காதருகே கேட்டாள்:

“ஏந் தம்பி, இத்தன பேரும் திருப்பிட்டா... நெசமாவே பத்தாமப் போயிடுமோ?”