மாமா வீட்டு டீவியில் குதிரை ரத்தம்

சாப்பிடும் இடத்தில் தொழில் பேசாதவன்தான் நல்ல டொக்டர். நான் மிருக டொக்டர். எனக்கு அந்தப் புத்தி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

வளைகுடாவில் ஒரு குதிரை ஆஸ்பத்திரியில் வேலை. லீவில் கல்முனைக்கு வந்தபோது ஹஸ்னாவைப் பெண் கேட்டு நிந்தவூருக்குப் போனோம். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து, அவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று வீட்டில் அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். (முப்பது வயதில் அடம்!)

உம்மா உள்ளே பெண்களோடு. ஆண்கள் முன்னறையில் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். ஹஸ்னாவின் வாப்பா ஈரல் கறியை என் பக்கம் ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

"குதிரைக்கு வயித்தக் கிழிக்காமலே ஒப்பரேசன் செய்யிறீங்களாமே, மெய்யா தம்பி?"

கேட்டாரே ஒரு கேள்வி!

"ஓம் மாமா. குதிரை நிண்டபடியே நிக்கும். ரெண்டு மூணு சின்ன ஓட்டை, ஒரு கமரா. உள்ளுக்க ரத்தம் வந்தா மட்டும் பதறப்படாது. எனக்குப் பதட்டமே வாறல்ல."

சொன்னதோடு விட்டேனா? இடது கையால் போனை டீவியில் இணைத்தேன். நான் முதன்முதலாகத் தனியே செய்த ஒப்பரேசன். தாதி ஒருவர் திரையைத் தன் போனில் படம்பிடித்துத் தந்திருந்தார். அறைத் தோழர்களுக்குத் தொந்தரவாகுமே என்று எப்போதும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் அதைப் பார்ப்பேன்.

சூலகத்துக் கட்டியை வெட்டும்போது ஒரு ரத்தக்குழாய் நழுவியது. கமரா எதையும் பெரிதாக்கிக் காட்டும். ஒரு கரண்டி ரத்தம், டீவியில் குளம் நிரம்பி வான் பாய்ந்த மாதிரி வந்தது. கூடவே என் குரல், முழுச் சத்தத்தில்.

"உம்மா! ரத்தம் உம்மா! யா அல்லாஹ், உம்மோவ்!"

"என்ன மகன்! என்ன நடந்த?"

உள்ளேயிருந்து உம்மா அகப்பையோடு ஓடிவந்தா. டீவியைப் பார்த்து அவவும் கத்தினா. மாமா வாயில் போட்ட ஈரலோடு எழுந்து கிணற்றடிக்கு ஓடினார். நிறுத்தப் பதறி வலது கையால் தொட்டேன்; சோறு ஒட்டிய விரலுக்குப் போன் மசியவில்லை. திரும்பும் வழியில் என் வாப்பா, "பதட்டமே வாறல்ல, என்ன?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹஸ்னா இனி எனக்கில்லை.

மறுநாள் மாமா போன் எடுத்தார்.

"தம்பி, எனக்கெண்டா விருப்பமில்ல. மகள்தான் கேக்கிறாளில்ல. கதவுக்குப் பின்னால நிண்டு முழுசாப் பாத்தவளாம். 'வாய்தான் கத்தின வாப்பா, கை ஆடல்ல. குழாயக் குறட்டால புடிச்சவர், சுட்டு மூடுற வரைக்கும் விடல்ல' எண்டு சொல்றா. ஒண்டே ஒண்டு கேக்கச் சொன்னா. குதிரை தப்பினதா?"

"ஓம் மாமா! நல்லா ஓடுது!"

"அப்ப உம்மாவ நாள் பாக்கச் சொல்லுங்க."

இப்போது ரெண்டு பிள்ளைகள். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், டொக்டரான என்னைத் தாண்டி நேரே ஹஸ்னாவிடம்தான் ஓடுவார்கள்.

"வாப்பாட்டக் காட்டாதீங்க," என்பாள் மருந்து போட்டபடி. "அவர் கத்தினா, பாவம், வாப்பும்மா கல்முனையிலிருந்து ஓடிவரணும்."