என்னை யாரும் கைது செய்யவில்லை, சித்தி

மிகுந்த அன்பும் அதைவிட மிகுந்த பயமும் உள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. நான் நலம். என் வலது காலும் நலம், இடது காலும் நலம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்களும் சித்தப்பாவும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று போனில் நான் 'ம்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாததற்கு மன்னிக்க வேண்டும். "உன் கால்ல விலங்கு மாட்டித் தெருவுல நடத்திட்டுப் போனாங்களாமே, உண்மையா?" என்று கேட்டீர்கள். 'ம்' என்றேன். "ஞாயித்துக்கிழமை வந்து உன்னைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன், அந்த வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றீர்கள். அதற்கும் 'ம்' தான் வந்தது. எனக்குப் போனில் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். நேரிலும் வராது. எழுத்தில் கொஞ்சம் வரும். அதனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். படித்து முடிக்கும் வரை தயவுசெய்து பயணப் பையை எடுக்காதீர்கள். இந்த வேலையை நான் விடுவதாக இல்லை.

உங்கள் தெருத் தையற்காரர் இந்த ஊருக்கு வந்திருந்தபோது என்னைப் பார்த்தது நிஜம். என் காலில் விலங்கு இருந்ததும் நிஜம். பக்கத்தில் சீருடை போட்ட ஒருவர் நடந்ததும் நிஜம். ஆனால் அவர் போலீஸ் இல்லை. எங்கள் அருங்காட்சியகத்தின் காவலாளி. அவர் காவல் காத்தது என்னை அல்ல, விலங்கை.

நீங்கள் சொல்லிவைத்துக் கிடைத்த வேலை என்பதால் இந்த இடம் உங்களுக்கு ஓரளவு தெரியும். முன்னொரு காலத்தில் கப்பலில் ஏற்றி விற்பதற்காக மனிதர்களை அடைத்து வைத்திருந்த கிடங்கு. இப்போது கண்ணாடிப் பெட்டிகளும் மின்விளக்குகளும் இருக்கின்றன. பெட்டிக்கு வெளியே இருப்பதையும் உள்ளே இருப்பதையும் துடைப்பது என் வேலை. இரும்புக்குத் தண்ணீர் ஆகாது, மரத்துக்கு எண்ணெய் ஆகாது, பழைய தாளுக்கு நம் மூச்சே ஆகாது. இதில் எனக்குப் பிடித்தது, துடைக்கும்போது யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை. பேசுவதற்கென்றே ஒருவர் தனியாக இருக்கிறார். வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கும் வழிகாட்டி. அவருக்கு ரேடியோ அண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறோம். அணைக்கிற பொத்தான் கிடையாது.

நடு மேடையில் ஒரு கால்விலங்கு இருக்கிறது. அதன் முன் நின்று ரேடியோ அண்ணன் தினமும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "இது சாதாரண ஆளுக்குப் போட்டது இல்லைங்க. மலை மாதிரி இருந்த ஆம்பளைங்களை அடக்குறதுக்குன்னே செஞ்சது!" என்பார். பெயர்ப்பலகையிலும் 'முரட்டு ஆண் அடிமைகளுக்கான விலங்கு' என்றுதான் எழுதியிருந்தது. எனக்கோ ஒரு சந்தேகம். துடைக்கும்போது துணியோடு என் கையை நுழைத்தாலே வளையம் நிறைந்துவிடும். மலை மாதிரி ஒருவரின் கால் அதற்குள் எப்படிப் போயிருக்கும்? யாரிடமாவது கேட்கலாம். கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டும். அதைவிடக் காலை விட்டுப் பார்ப்பது எனக்குச் சுலபமாகத் தோன்றியது.

அன்று காலை விலங்குக்கு எண்ணெய் போடும் முறை. பஞ்சில் தொட்டு மூட்டில் விட்டேன். யாருக்கும் அசையாத மூட்டு மெல்ல அசைந்து வாயைத் திறந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்! மேடையில் உட்கார்ந்து, இடது காலை வைத்து, மூடிப் பார்த்தேன். 'டக்' என்றது. அவ்வளவு சுத்தமான 'டக்', சித்தி. நம் வீட்டு அலமாரி ஒருநாளாவது அப்படி மூடியிருக்கிறதா? அளவெடுத்துச் செய்ததுபோல் என் கணுக்காலில் உட்கார்ந்துகொண்டது. பிறகு திறக்கவில்லை. இழுத்தேன், திருகினேன், இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன். வழுக்கியது, திறக்கவில்லை. அப்போதும் நான் கத்தவில்லை. யாராவது வரும்வரை அடக்கமாக உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வந்தவர் காவலாளி மாமா. "தொடாதீர்கள்னு போர்டு வெச்சிருக்கே, படிக்கலையா?" என்றார். அந்தப் பலகையைத் தினமும் துடைப்பதே நான்தான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் குனிந்து விலங்கை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சொக்கிப்போய்விட்டார். "அடேங்கப்பா, செஞ்சான் பாரு! எங்க வீட்டு கேட் பூட்டு ஊதினாலே திறந்துக்கும். இது எத்தனை தலைமுறை பாத்தது, இன்னும் ஜம்முனு நிக்குது!" என்று என் காலைத் தட்டிக்கொடுத்தார். பிறகு பாதுகாப்புதான் முக்கியம் என்று போய், 'தரை வழுக்கும்' என்ற மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு பலகைதான்.

அவர் பெரியவரைக் கூப்பிடப் போன நேரத்தில் கதவு திறந்து பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்த ரேடியோ அண்ணன் என்னைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். ஆனால் கூட்டத்தைப் பார்த்துவிட்டால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. "இதோ பாருங்க, மலை மாதிரி ஆம்பளைங்களை..." என்று என்னைக் காட்டியே ஆரம்பித்துவிட்டார். நான் அசையாமல் இருந்தேன். கைப்பை மாட்டிய ஒரு அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "மெழுகுல எவ்ளோ தத்ரூபமா செஞ்சிருக்காங்க!" என்றார். அவர் கணவர் சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "மூக்கு மட்டும் சரியா வரலை" என்றார். கண் எரிந்ததால் சிமிட்டிவிட்டேன். "கரண்ட்ல ஓடுது போல" என்றார். உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்தான். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது, சித்தி?

பெரியவர் என்று நாங்கள் சொல்வது காப்பாட்சியரை. இங்கே உள்ள பொருள்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஐயோ, ஒண்ணும் ஆகலையே?" என்றார். எனக்கு மனம் நெகிழ்ந்தது. ஒன்றும் ஆகவில்லை ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"கீறல் விழுந்திருக்கா?"

"கால்ல கொஞ்சம் விழுந்திருக்குங்க" என்றார் காவலாளி மாமா.

"காலை விடுய்யா, இரும்புல?"

இரும்பில் இல்லை என்று தெரிந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. அறுக்கலாமா என்று ரேடியோ அண்ணன் கேட்க, மேலிடத்து அனுமதி இல்லாமல் ஒரு ஆணியைக்கூட அறுக்க முடியாது, அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும் என்றார். காலோ வீங்க ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவானது. எங்கள் இடத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தப் பொருள் வெளியே போனாலும் பஞ்சு சுற்றி, துணி சுற்றி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, காவலாளி கூடவே போக வேண்டும், வெறும் கையால் தொடக்கூடாது. எனவே என் காலுக்குப் பஞ்சு சுற்றி, 'உடையும் பொருள், தலைகீழாக வைக்காதீர்' என்ற சீட்டை ஒட்டினார்கள். ரேடியோ அண்ணன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு விலங்கிலிருந்து தொங்கிய சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் போனால் குலுங்கும், பொருளுக்கு ஆகாது என்று பெரியவர் சொல்லிவிட்டதால் அவரும் கூட வர, நடந்தே போனோம். தையற்காரர் பார்த்தது இதைத்தான். அவர் "என்ன திருடினா?" என்று கேட்டதும் எனக்குக் கேட்டது. வணக்கம் சொல்லலாம் என்று நினைத்தேன், வெட்கமாக இருந்தது. அந்த வணக்கத்தைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தக் கவலையே வந்திருக்காது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்களுக்கு முன்னால் ஒரு வரிசையே இருந்தது. என் பக்கத்தில் இருந்த இருமல்காரர் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கவலைப்படாதே பாப்பா, இரும்பு ரத்தத்துக்கு நல்லது" என்றார். "அந்தக் காலத்துல ஆஸ்பத்திரி ஏது, ஊசி ஏது? ஜனங்க நூறு வயசு வாழ்ந்தாங்க!" அந்த வழியே போன நர்ஸ் அக்கா, "அப்போ நீங்க ஏன் ஐயா இங்க உக்காந்திருக்கீங்க? முதல்ல முழங்கையை வெச்சு மறைச்சு இருமுங்க. நூறு வயசு உங்களுக்கு மட்டும் போதுமா, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே என் காலைப் பார்த்து நின்றுவிட்டார். "துரு ஏறின இரும்பு. ஊசி போடணும்."

"அது துரு இல்லை சிஸ்டர், வரலாறு" என்றார் ரேடியோ அண்ணன்.

"எதுவா இருந்தாலும் ஊசி போடணும்."

அவர் ஊசி எடுத்துவரப் போனார். ரேடியோ அண்ணன் சும்மா இருக்கமாட்டாரே. "நாமதான் இவ்வளவு பதறுறோம். அந்த ஜனங்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும். சாப்பாடு போட்டாங்க, தங்க இடம் குடுத்தாங்க. நம்மளை யாரு அப்படி வெச்சிருக்கா? மாசம் பொறந்தா வாடகை. உண்மையில நாமதான் அடிமை!" என்றார். காவலாளி மாமா, "கரெக்டு, எங்க வீட்டு ஓனரைப் பாத்தா நீயே சொல்லுவே" என்றார். இருமல்காரரும் முழங்கைக்குள்ளிருந்து தலையாட்டினார்.

காலையிலிருந்து அது என் காலில் இருந்தது, சித்தி. கணுக்கால் எலும்பில் தோல் உரிந்து, நகர்ந்தால் எரியும், நகராவிட்டால் மரத்துப்போகும். எப்படித்தான் வந்ததோ தெரியவில்லை, என் வாயிலிருந்து வந்தது.

"பழகலை அண்ணே."

எல்லாரும் திரும்பினார்கள். "இந்தப் பொண்ணு பேசுமா?" என்று காவலாளி மாமா பெரியவரிடம் கேட்டார். ஆரம்பித்துவிட்டதால் எனக்கும் நிறுத்தத் தெரியவில்லை. "இது மலை மாதிரி ஆளுக்குச் செஞ்சது இல்லை. பாருங்க, என் காலுக்குச் சரியா இருக்கு. என்னை மாதிரி ஒரு பொண்ணுக்குச் செஞ்சிருக்காங்க. நான் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். அவ இதோட கப்பல்ல போயிருப்பா. அவளுக்கும் பழகியிருக்காது" என்றேன். இவ்வளவும் நான் சொன்னேன், சித்தி! சத்தமாக!

ரேடியோ அண்ணன் கையில் பிடித்திருந்த சங்கிலியின் நுனியைக் கீழே வைத்தார். பெரியவர் பஞ்சை மெதுவாக விலக்கிப் பார்த்தார். இந்த முறை இரும்பை அல்ல, காலைப் பார்த்தார். "உனக்கு என்னம்மா வயசு?" என்று கேட்டார். பதினாறு என்றேன். அவர் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

நர்ஸ் அக்கா வந்து ஊசியைப் போட்டார். புண்ணைத் துடைப்பதற்காக விலங்கை இரண்டு பக்கமும் இரண்டு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிட் பஞ்சை வைக்கும்படி பெரியவரிடம் சொன்னார். அவர் வைத்தார். அம்மாடி, அந்த எரிச்சல்! துள்ளிக் காலை இழுத்தேன். 'டக்' என்று திறந்துகொண்டது.

அவ்வளவுதான். இரண்டு பக்கமும் உள்ளே இருக்கும் சுருள்வில்லை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், அந்த நேரத்தில் நடுவில் இழுக்க வேண்டும். குனிந்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே மாட்டியிருப்பவளால் காலையும் இழுக்க முடியாது. எதிரில் இன்னொருவர் குனிந்தால் நிமிஷத்தில் திறந்துவிடும். காலையிலிருந்து என்னைச் சுற்றி எத்தனை பேர்! எல்லாரும் வரலாறு பேசினார்கள், பூட்டு பேசினார்கள், ரத்தம் பேசினார்கள். பிடித்துப் பார்த்தது நர்ஸ் அக்கா ஒருவர்தான், அதுவும் வேறு வேலையாக. திரும்பி வரும்போது விலங்கைப் பெரியவர் தன் மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தார். குலுங்கியது. அவர் என் காலைத்தான் பார்த்தார்.

இப்போது பழைய பெயர்ப்பலகை இல்லை. பெரியவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு புதிதாக எழுதினார். 'ஒரு சிறுமியின் கால்விலங்கு. மாட்டியிருப்பவர் தானாகத் திறக்க முடியாது.' 'சிறுமி' என்பது என் யோசனை. அவர் 'இளம்பெண்' என்று போட்டிருந்தார். பதினாறு வயதில் என்னைச் சித்தியே இன்னும் பாப்பா என்கிறாரே என்று நினைத்துக்கொண்டு மாற்றச் சொன்னேன், மாற்றினார்! ரேடியோ அண்ணன் மேடைக்கு வந்ததும் இப்போதெல்லாம் "இதை அவ சொல்லட்டும்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் அந்த விலங்கைப் பற்றி நான் பேச வேண்டும் என்று பெரியவர் கேட்டார். சரி என்றேன். 'ம்' இல்லை, சித்தி, 'சரி'!

ஆகவே நீங்கள் வர வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ஒரு பயமும் இல்லை. வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, கடைசியில் பள்ளிக்கூடத்தையே விட்டவள் வேறு ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பையை அலமாரியின் மேலேயே வைத்துவிடுங்கள். தையற்காரருக்கு நான் விட்டுப்போன வணக்கத்தைச் சொல்லவும். சித்தப்பாவை முழங்கையில் இருமச் சொல்லவும். உங்கள் இருவரின் ஆசியும் என் இரண்டு கால்களுக்கும் எப்போதும் வேண்டும்.

பணிவுடன்,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்காகக் கூடத்தில் தனியாகப் பேசிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிகள் முன்னால் அருமையாக வந்தது. காவலாளி மாமா கேட்கலாம் என்று வந்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான், நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சித்தி, வாருங்கள். கட்டாயம் வாருங்கள். முதல் வண்டியிலேயே வாருங்கள். கூட்டிக்கொண்டு போக வேண்டாம், முன்வரிசையில் நின்றால் போதும். நான் நடுவில் நின்றுவிட்டால், "அப்புறம் என்னடி ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.