பனிக்கரடி பாடாத பாட்டு

ஒரு காட்டில், நம் பக்கத்துக் காடு இல்லை, பிலிப்பைன்ஸில் ஏழாயிரம் சொச்சம் தீவு இருக்கிறதே, அதில் ஒரு தீவின் காட்டில், லூஸ்விமிண்டா என்றொரு எருமை இருந்தாள். அந்தக் காட்டில் பாடத் தெரியாத பிராணியே கிடையாது. சாப்பாடு இல்லாத பொந்து இருக்கும், கரோக்கி மைக் இல்லாத பொந்து இருக்காது. ஒரு காலத்தில் அவரவர் பாட்டை அவரவரே கட்டினார்கள். அப்புறம் என்ன வந்ததோ, எல்லாரும் வெளிக்காட்டுப் பாட்டையே பாட ஆரம்பித்தார்கள். மைனா அச்சு அசல் கனடா வாத்து மாதிரியே பாடும், கேட்டால் உங்களுக்கே குளிரெடுக்கும். திறமை என்றால் அதுதான் என்று ஊரே ஒத்துக்கொண்டது.

லூஸ்விமிண்டா மட்டும் சொந்தமாக ஒரு பாட்டு வைத்திருந்தாள். உச்சி வெயில், ஈக்கடி, ஓடிப்போய்ச் சேற்றில் விழுகிற சுகம், அவ்வளவுதான் பாட்டு. அதைத் திருவிழா மேடையில் தன் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை பாடிவிட வேண்டும். அந்த ஆசையில் அவளுக்கு அசைபோடக்கூட மறந்து போனது.

விண்ணப்பம் வாங்கும் இடத்தில் டொடோங் என்ற குரங்கு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, 'அசல் பாடகர்'ங்கற கட்டத்துல உங்க பேரையே எழுதியிருக்கீங்க."

"என் பாட்டுதானே தம்பி?"

"அதான் தப்பு. அசல்னா வெளியிலேருந்து வரணும். உள்ளூர்ல அசல் எப்படிக்கா வரும்? சீக்கிரம், பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க."

திரும்பிப் பார்த்தாள். ஒரே வாத்துப் பாட்டைப் பாட நாற்பது பேர் நின்றார்கள். வந்ததே ஒரு கோபம்! தன் பெயரை அடித்துவிட்டு, வாய்க்கு வந்ததை எழுதினாள்: 'பனிக்கரடி ஹெல்முட், வட துருவம்.'

"அடடா, ஹெல்முட் பாட்டா! முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று டொடோங் முத்திரையை ஓங்கிக் குத்தினான்.

தேர்வுச் சுற்றில் அவள் பாடினாள் பாருங்கள், காடே கிறுக்குப் பிடித்து ஆடியது. ஒரே வாரத்தில் தவளைக் குஞ்சுக்குக்கூட அந்தப் பாட்டு மனப்பாடம்.

"ஒரிஜினல் என்கிட்ட இருக்கு. அதுல உருக்கம் இன்னும் ஜாஸ்தி" என்று டொடோங் அளந்துவிட்டான்.

"துருவத்துல சேறு ஏதுண்ணே?" என்று ஓர் உடும்பு கேட்டது.

"பனியைத்தான் அங்க சேறுன்னு சொல்வாங்க. ரசனை வேணும்யா, ரசனை!"

விழாக் குழுத் தலைவர் முதலை சும்மா இருப்பாரா? அசல் பாடகரையே அழைத்து மரியாதை செய்ய வேண்டும் என்று கடிதம் போட்டுவிட்டார். வட துருவத்தில் ஹெல்முட் என்று ஒரு கரடி நிஜமாகவே இருந்து தொலைத்தது. ஓசி டிக்கெட் வந்தால் யார்தான் விடுவார்கள்? வந்து இறங்கிவிட்டது.

மேடையில் மாலை போட்டார்கள். கரடி வியர்த்து ஒழுக மைக்கைப் பிடித்து, "ஐயா, நான் ஜென்மத்தில் பாடினதே இல்லை. இது என் பாட்டு இல்லை" என்றது.

"ஆகா, என்ன அடக்கம்!" என்று முதலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

லூஸ்விமிண்டாவால் பொறுக்க முடியவில்லை. தடதடவென்று மேடை ஏறினாள். "பாட்டு என்னுது! லூஸ்விமிண்டா கட்டின பாட்டு!" என்று கத்தினாள்.

"ஐயே, என்ன திமிர்!" என்றது கூட்டம்.

அவள் அசரவில்லை. அங்கேயே நின்று முழுப் பாட்டையும் பாடினாள். நெஞ்சைப் பிழிகிற மாதிரி பாடினாள். அவள் பெயரையும் சொல்லிவிட்டாள், பாட்டையும் பாடிவிட்டாள், ஒருத்தரும் நம்பவில்லை. முதலை மட்டும் மனமிரங்கி ஒரு சான்றிதழ் கொடுத்தார். 'சிறந்த நகல், இரண்டாம் பரிசு. அசலின் சாயல் சற்றுக் குறைவு' என்று அதில் எழுதியிருந்தது. லூஸ்விமிண்டாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டதால் சான்றிதழை அங்கேயே மென்று தின்றுவிட்டாள்.

சாயங்காலம் குட்டையில் அவளும் கரடியும் கழுத்தளவு சேற்றில் கிடந்தார்கள்.

"அம்மா, இந்த வெயிலுக்கு உங்க பாட்டுல இருக்கறது அத்தனையும் சத்தியம்" என்றது கரடி. காட்டிலேயே அவளை நம்பிய ஒரே ஜீவன் அதுதான். அவளுக்குக் குப்பென்று சந்தோஷம் பொங்கியது. அப்படியே ஒரு புதுப் பாட்டின் முதல் அடியும் வாயில் வந்துவிட்டது.

இரண்டு தரம் முனகிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"ஏங்க," என்று கரடிப் பக்கம் திரும்பினாள், "உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு? அவங்க பேரையெல்லாம் கொஞ்சம் சொல்லுங்களேன்."

நீதி: சொந்தச் சரக்கு வைத்திருப்பவர், தூர தேசத்தில் நாலு பேர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. குளிர்ப் பிரதேசமாக இருந்தால் உத்தமம்.