தட்டு, வடை, சட்னி

சேக்காடு, ஆவடி.

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஸ்வீட்லினுக்கு அப்பா ராயப்பன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே உன் அம்மா சாராள் பூரண சுகம். நான் அவள் கையில் அகப்பட்ட சுகம். அங்கே மாப்பிள்ளை, பிள்ளைகள் சுகத்துக்கு எழுது.

நிற்க. மறதி நோய் வராமலிருக்க என்னென்ன செய்யவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாயே, அதை உன் அம்மா தாளில் எழுதி, சுவரில் பத்துக் கட்டளைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து ஊறுகாய் கிடையாது, விடிந்தால் ஏரிக்கரையில் நடை, தவறாமல் பிரஷர் மாத்திரை, புதிதாக ஏதாவது கற்கவேண்டுமாம், அதற்குச் சபையில் கீபோர்டு வகுப்பு. கூடப் படிப்பவர்களுக்கு ஏழு வயது. என் அப்பா கடைசிக் காலத்தில் என்னைப் பார்த்தே "தம்பி, நீ யாருப்பா?" என்று கேட்டவர். அந்தப் பயத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஞாபகத்தைச் சோதிக்க டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். அந்த அம்மா மூன்று வார்த்தை சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டார். "தட்டு, வடை, சட்னி" என்றேன் கணீரென்று. அவர் சொன்னது பட்டு, குடை, கத்தியாம். உன் அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "மாமனாருக்கும் இப்டித்தாம்மா ஆரம்பிச்சிது" என்றாள். டாக்டரம்மா அரைமணி கழித்து மறுபடி கேட்டார். அதே தட்டு, அதே வடை, அதே சட்னி. பிறகு வேறு மூன்று வார்த்தைகளைத் தாளில் எழுதிக் காட்டினார், ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். "ஞாபகம் நல்லா இருக்குங்க, காதுதான் கேக்கல. அத அப்டியே விட்டா மூளை சோம்பேறியாகி மறதி வர்றதுக்கு வாய்ப்பு கூடும்" என்று காது மெஷினுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

மெஷின் வந்து நாலு நாளாக டப்பாவிலேயே இருக்கிறது. கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் இப்போதுதான் வீடு அமைதியாக இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள நான் பைத்தியமா? கிறிஸ்துமஸுக்கு வரும்போது எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்துவிடு. என் முடிவில் மாற்றமில்லை.

தேவன் உங்கள் எல்லோரையும் கண்ணின் மணிபோல் காக்கட்டும்.

அன்பு அப்பா,
ராயப்பன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குமுன் சும்மா பார்க்கலாமென்று மெஷினைக் காதில் மாட்டினேன். சமையற்கட்டில் உன் அம்மா தோசை வார்த்துக்கொண்டே ஜெபம் பண்ணுகிறாள்: "ஆண்டவரே, அந்தாளு எத்த மறந்தாலும் போவுது, என்னிய மட்டும் மறந்துறக் கூடாது." தினமும் அவள் உதடு அசைவதைப் பார்த்து என்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன். மெஷின் இங்கேயே இருக்கட்டும். வரும்போது பேட்டரி இரண்டு செட் வாங்கி வா.