கொம்பையாவின் கட்டியைப் படித்த மெஷின்

ஒரு காட்டில் கொம்பையா என்ற கிழட்டுக் காட்டெருமைக்கு பெரிய துரோகம் செய்தது மரங்கொத்திதான். கழுத்தில் வந்த புற்றுக்கட்டி அதற்கு அடுத்தபடிதான்.

காட்டு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு மரங்கொத்தியின் பொறுப்பு. நாள் முழுக்கக் கீபோர்டைக் கொத்தும். எதிரில் நிற்பவர் முகத்தை மட்டும் பார்க்காது.

"அண்ணாச்சி, இந்த மெஷின் உங்க கட்டியை வச்சுப் படிக்கணும். படிச்சிட்டா யாருக்கு எந்த மருந்துன்னு அதுவே சொல்லிரும்" என்றது.

"ஏலே, எனக்கும் சொல்லுமா?"

"உங்களுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லும்?"

கொம்பையா நம்பியது. சதைத் துணுக்கு கொடுத்தது. ரத்தம் கொடுத்தது. ஸ்கேன் குழாய்க்குள் கொம்பை மடக்க வழியில்லாமல் தவித்துக்கொண்டு படுத்தது. தாத்தா எந்த நோயில் செத்தார் என்பது வரை ஒப்பித்தது.

மெஷின் படித்து முடித்த அன்றே ஒரு குரங்கு வந்தது. அதே கழுத்து, அதே கட்டி. மெஷின் உடனே மருந்தின் பெயரைச் சொன்னது. கொஞ்ச நாளில் குரங்கு குணமாகி மரத்துக்கு மரம் தாவியது.

அடுத்து கொம்பையா போய் நின்றது. மெஷின் வாயைத் திறக்கவில்லை.

"மெஷின் படிச்ச பாடமே நீங்கதான், அண்ணாச்சி" என்றது மரங்கொத்தி. "உங்களுக்கே பதில் சொன்னா பரீட்சையில காப்பி அடிச்ச கணக்கா ஆயிரும். பக்கத்துக் காட்டுக்காரன் சிரிப்பான். அதான் உங்க பேரை மட்டும் பூட்டி வச்சிருக்கோம்."

"சரி, குரங்குக்குக் கொடுத்த மருந்தையே எனக்கும் கொடுத்துத் தொலை."

"மெஷின் சொல்லாம எப்படிக் கொடுக்க? ஆதாரம் வேணும்லா?"

"அந்த ஆதாரமே நான்தானலே!"

மரங்கொத்தி தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தது.

கட்டி தேங்காய் அளவுக்கு வளர்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அதன் படத்தைப் பெரிதாக மாட்டினார்கள். நோயாளி யாரென்று வெளியே தெரியக் கூடாதாம், முகத்தை வெட்டிவிட்டார்கள். "இந்தக் கட்டியின் தியாகம் வீண் போகாது" என்று யானை ரிப்பன் வெட்டிப் பேசியது. குரங்கு எல்லாருக்கும் முன்னால் கை தட்டியது.

நிற்க முடியாமல் கொம்பையா அந்தப் படத்தின் மேல் சாய்ந்தது. காவலுக்கு நின்ற செந்நாய் ஓடி வந்தது.

"யோவ் பெருசு, தள்ளி நில்லு. எப்பேர்ப்பட்ட கட்டி தெரியுமா அது!"

கொம்பையா தள்ளித்தான் நிற்கிறது. அதற்குச் சேர வேண்டிய அந்த ஒரு மருந்தின் பெயர் மெஷின் வாயிலிருந்து இன்னும் வந்தபாடில்லை.

நீதி: புற்று வந்தால் முதல் ஆளாக ஓடாதே. அதே கட்டியோடு ஓர் ஏமாளி முன்னால் போகட்டும். நீ அவன் பின்னால் போய்க் கை தட்டு.