ஒன்பதாம் நம்பர் தகடு

பன்னிரண்டு தகடுகளையும் விளக்கடியில் வைத்து அளந்தாயிற்று. பன்னிரண்டும் ஆறு. ஒன்றாவது ஏழைத் தொடுமா என்று ஆய்வாளர் மறுபடி அளந்தார். ஊஹூம்.

ஆறு என்றால், மேலே விழும் வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரமாகிறது என்று அர்த்தம். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே செம்பையும் துத்தநாகத்தையும் தகரத்தையும் கந்தகத்தையும் இதே கையால் பூசிச் செய்ததில், ஒன்பதாம் நம்பர் மட்டும் பதினொன்று காட்டியது. அன்றைக்குப் பிடித்தது சனி.

கொட்டிக் கிடக்கிற மலிவுச் சரக்கில் சூரியத் தகடு செய்வதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் கனவு. சரக்கில் குறையில்லை. ஓர் அடுக்கும் அதன் மேல் பூசுகிற அடுக்கும் தொடும் இடத்தில்தான் வம்பு. முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் மாதிரி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கொடுக்கல் வாங்கல் கிடையாது. கிளம்பின மின்சாரம் பாதி அங்கேயே செத்துப்போகும். அந்த இரண்டையும் சேர்த்து வைப்பது இவர் வேலை என்பதால் ஆய்வுக்கூடத்தில் இவருக்கு ‘ஒட்டுறவு சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். நேரில் இவரிடம் யாரும் தேவைக்கு மேல் வாய் திறப்பதில்லை. ஒரு குடுவையை உடைத்துவிட்ட பெண்ணை ஒரு வாரம் வறுத்தெடுத்து, எழுத்திலும் புகார் கொடுத்தவர் இவர்.

பதினொன்றைக் கேட்டதும் இயக்குநர் துள்ளிக் குதித்து மேலிடத்துக்குப் போன் போட்டார். குழு வருகிறது, அதே மாதிரி இன்னும் நாலு காட்டினால் உத்தியோகம் நிரந்தரம் என்றார். அந்த நிரந்தரத்துக்காக ஒட்டுறவு சார் பத்து வருஷமாக நாயாய் அலைந்தவர். இதே தகடுகளைச் செய்து கூடப் போட்டியிட்ட ஒரு மேடம் இரண்டு வருஷத்துக்கு முன்பே, இவர் எழுதின ஒரு குறிப்பின் புண்ணியத்தில், வேலை போய் வீட்டுக்குப் போய்விட்டார். ‘காத்திருப்பதற்குப் பெயர் ஆராய்ச்சியல்ல’ என்று அந்தக் குறிப்பை முடித்திருந்தார். அந்த வரியில் அவருக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

வீட்டில் மனைவிக்கு வேறு ஊரில் தலைமை ஆசிரியை வேலை வந்திருந்தது. எனக்குத்தான் இங்கேயே நிரந்தரமாகப் போகிறதே என்று சொல்லி, அந்த வேலை வேண்டாம் என்று அவளை எழுதிக் கொடுக்க வைத்தார்.

அவள் ஒரு தரம்தான் கேட்டாள். “நிச்சயம்தானே?”

“கையில இருக்கு.”

கையில் இருந்தது ஒரே ஒரு தகடு.

முதலில் தூசியைச் சந்தேகப்பட்டார். பூச்சுக்கு அடியில் வைக்கும் கண்ணாடியை மூன்று தடவை கழுவச் சொன்னார். ஐந்து வந்தது. தண்ணீரைச் சந்தேகப்பட்டு வேறு தண்ணீர் வரவழைத்தார். நாலு. அப்புறம் மனிதர்களைச் சந்தேகப்பட்டார். பூசும் அறையில் எவரும் நுழையக்கூடாது என்று தாளில் எழுதி ஒட்டினார். இத்தனை வருஷமும் தகடுகள் அடுக்கிய தட்டை அளக்கும் அறைக்குத் தூக்கிக்கொண்டு போன ஸ்டோர்காரரைக்கூட வாசலோடு நிறுத்திவிட்டு, தானே சுமந்தார். மூன்று வந்தது. ஒரு தகட்டில் மேலடுக்கு கோபித்துக்கொண்டு அப்படியே உரிந்து வந்தது.

குழு வர இரண்டு நாள் இருக்கும்போது புத்தி போன போக்கில் ஒரு காரியம் செய்தார். ஒன்பதாம் நம்பர் வயிற்றில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க, அதைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் வைத்தார். இரண்டு அடுக்குக்கும் நடுவே, அவர் பூசாத மூன்றாவது அடுக்கு ஒன்று, மயிரிழையைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசாக, ஒழுங்காகப் படிந்திருந்தது. சண்டைக்காரர்கள் நடுவே யாரோ பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, அதற்குத் தன் பெயரை வைத்துக் கட்டுரை எழுதி இயக்குநரிடம் நீட்டிவிட்டார்.

அறுத்த தகடு மறுபடி வேலை செய்யவில்லை.

குழுவில் மூன்று பேர். கட்டுரையைப் புரட்டிவிட்டு, அந்த மூன்றாவது அடுக்கை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்கள். பல வருஷத்துக் கைப்பக்குவம் என்றார் சார். அப்படியானால் இன்னொன்று காட்டுங்கள் என்றார்கள்.  சார், ஸ்டோரில் தரும் ரசாயனம் எல்லாம் பழசு, அந்த ஆள் வைத்திருக்கிற லட்சணத்தில் யார் வந்து பூசினாலும் இப்படித்தான் வரும் என்று கூசாமல் சொன்னார்.

ஓய்வுக்கு எட்டு மாதமே பாக்கியிருந்த ஸ்டோர்காரரை வரச் சொன்னார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சரக்கெல்லாம் புதுசுங்க. சீட்டு இருக்கு, பாருங்க” என்றார்.

இயக்குநர் சீட்டுகளைப் பார்த்தார். தேதி எல்லாம் சரியாக இருந்தது. “அப்போ ஒன்பது மட்டும் எப்படி அப்படி வந்துது?”

“அதை நான் சொல்ல வேண்டாம்னு இருந்தேங்க. என்னைத் திருடன் மாதிரி வாசல்ல நிறுத்தினப்பகூடச் சொல்லல.”

“சொல்லுங்க.”

ஸ்டோர்காரர் ஒட்டுறவு சாரை ஒரு தரம் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

“சாரோட ஒன்பது, நான் தூக்கிட்டு வரும்போதே கீழே விழுந்து உடைஞ்சுபோச்சுங்க. சொன்னா எழுத்துல கொடுத்துடுவாரேன்னு, அந்த மேடம் செஞ்ச தகடு ஒண்ணை எடுத்து, பின்னாடி ஒன்பதுன்னு எழுதி வச்சுட்டேன். அதையெல்லாம் குப்பையில போடுன்னுதான் சார் சொன்னாரு. காத்தாட அலமாரியில விட்டு வைங்க, ரெண்டு அடுக்கும் தானா ஒட்டிக்கும்னு மேடம் அழுதுட்டே சொல்லிட்டுப் போனாங்க. நான் ரெண்டு வருஷமா விட்டு வச்சேன்.”